பழைய கணினியை எப்போது விடுவது?

கடற்கரை–தாம்பரம் மார்க்கத்தில் 1931-ஆம் ஆண்டு மீட்டர் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கிற்று. அகலப் பாதை அருகே அமைந்து, மக்கள் அதற்குப் பழகிய பின்னரே, 2004-இல் பழைய வண்டிகள் நிறுத்தப்பட்டன. பழையதை விடும் முறை இதுவே.

இன்று அதே கேள்வி சங்க அலுவலகத்துக்கும் வந்துள்ளது. உலகெங்குமுள்ள தொண்டர்கள் கூட்டுறவாய் ஆக்கும் டெபியன் என்னும் இயங்குதளம், 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13-ஆம் பதிப்பில், 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. பயன்படுத்துவோர் அருகிவிட்ட நிலையில் அதையும் பேணுவது தொண்டர்க்குச் சுமையன்றோ? ‘விண்டோஸ் 10’-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது.

தாம்பரம் வட்டாரத்தில் நாம் பார்வையிட்ட ஒரு நெசவாளர் சங்கத்தில், பங்குத்தொகையும் கூலிக்கணக்கும் 32 பிட் கணினியிலேயே இருக்கக் கண்டோம். “ஓடும்வரை ஓடட்டுமே!” என்றார் காரியதரிசி. ஏழைச் சங்கத்தின் சிக்கனம் குற்றமன்று. எனினும், குறைகளைத் திருத்த ஆளில்லாத கணினியை இணையத்தில் இணைத்து வைப்பது, தாழ்ப்பாளற்ற பெட்டியில் அங்கத்தினர் பணத்தைப் போடுவதாகும். அதற்காக ஒரே நாளில் அதை நிறுத்தினாலோ, கூலி நாளன்று நெசவாளர் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

ஆதலின், நிர்வாகக் குழு நாள் குறித்துத் தீர்மானம் செய்யட்டும். பழைய கணினியின் இணைய இணைப்பை உடனே துண்டித்து, கணக்குகளைப் படியெடுத்து அச்சிட்டும் வைக்கட்டும். மூன்று மாதம் இரு கணினிகளிலும் பதிந்து ஒப்புநோக்கட்டும். கடைசிப் பைசாவும் ஒத்த பிறகே பழையதற்கு ஓய்வு தருக.