எந்த ‘இல்லை’?

சாட்சி சொல்லச் சம்மன் வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், நடந்ததை மனப்பாடம் செய்வது. அடிதடியோ விபத்தோ நடந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். போலீசார் எழுதிவைத்த வாக்குமூலத்தை யாராவது வாசித்துக் காட்ட, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உருப்போட்டபடி கோர்ட் வராந்தாவில் நிற்பார்கள். குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலுக்கு இதைவிடத் தோதான சாட்சி கிடையாது. ஒப்பிக்கிறவரைப் பாதியில் நிறுத்தி, கதையின் நடுவிலிருந்து ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அந்த வாக்குமூலம் சாட்சியமே அல்ல. அதைப் பதிவு செய்வது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய நடைமுறைச் சட்டத்தில் 180. அதன்கீழ் போலீசார் எழுதிக்கொள்வதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. ஆனால் நீங்கள் கூண்டில் சொல்வது அதற்கு முரணாக இருந்தால் எதிர்த்தரப்பு அதைக் கையில் எடுக்கும். “இதை அன்னிக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லலையே?” என்பார்கள். ‘சொன்னேன், எழுதினாரா என்று தெரியாது’ என்பதுதான் உண்மை என்றால் அதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அவர் ஏன் எழுதவில்லை என்று விளக்கப் போவதுதான் வம்பு.

உருப்படியான தயாரிப்பு என்று எனக்குப் படுவது, சம்பவ இடத்துக்கு ஒருமுறை போய் நிற்பது. டீக்கடை எந்தப் பக்கம், நின்ற இடத்திலிருந்து எத்தனை தப்படி, வெளிச்சம் எங்கிருந்து வந்தது? இன்று எரிகிற தெருவிளக்கு அன்றும் இருந்ததா என்பதை மட்டும் கவனமாக யோசிக்க வேண்டும். மீட்டர் கணக்கு வராதென்றால் ‘ஒரு பஸ் நீளம்’ என்று சொல்வதில் தவறில்லை. போலீசார் எழுதும் மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர், அதை எங்கே போட்டார் என்பதை நினைவில் தேடிப் பார்க்கட்டும். சம்பவ இடத்திலா, ஸ்டேஷனிலா என்ற கேள்வி நிச்சயம் வரும்.

கூண்டில் ஏறியதும், சினிமாவில் வருவதுபோல் கீதையை யாரும் நீட்ட மாட்டார்கள். 1969-ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டப்படி கடவுள் பெயரால் சொல்லலாம். நம்பிக்கை இல்லாதவர் உளமார உறுதி கூறலாம்.

உண்மையான பொறி நம் மொழியிலேயே இருக்கிறது. “நீங்க அந்த நேரத்துல அங்க இல்லை, சரிதானே?” என்று வக்கீல் கேட்கிறார். பதறிப்போன சாட்சி “இல்லைங்க” என்கிறார். எந்த இல்லை? ‘நான் அங்கே இல்லை’ என்பதா, ‘நீங்கள் சொல்வது சரியில்லை’ என்பதா? வீட்டுப் பேச்சில் தொனியை வைத்துப் புரிந்துகொள்வோம். டைப் ஆகிற தாளில் தொனி ஏறாது. முழு வாக்கியமாக “நான் அங்கதான் இருந்தேன்” என்பது ஒன்றே வழி. கடைசியில் வரிசையாக வருகிற கேள்விகளும் இதே ரகம். அவை பதிவாகிற விதம்: ‘நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்றும், போலீசாருக்காகப் பொய் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல.’ முதல்முறை கேட்கிறவருக்குத் தலை சுற்றும்.

அதனால் விசாரணை முடிந்ததும் கூண்டைவிட்டு இறங்க அவசரப்படாதீர்கள். குற்ற வழக்கில் பதிவான சாட்சியத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். வாய்தா வரிசையில் அது வேகமாக ஓடும். கையெழுத்துக்கு முன், சொல்லாதது ஏறியிருந்தால் அப்போதே சொல்லுங்கள். நீதிபதி திருத்தலாம், திருத்தாவிட்டாலும் உங்கள் ஆட்சேபத்தைக் குறிப்பாக எழுதி வைக்கலாம்.