விளக்கு எரிகிறது, போர்ட் வரவில்லை

சந்திரகிரியை ஒட்டிய ரங்கம்பேட்டையில் கல்லூரிகளின் புராஜெக்ட் காலம் வந்துவிட்டால், ஹாஸ்டல் அறைகளில் இந்தக் காட்சி சகஜம். சென்னை ரிச்சி தெருவில் இருந்தோ ஆன்லைனிலோ வாங்கிய உள்ளங்கை அளவு நீல போர்டு லேப்டாப்பில் செருகியிருக்கும். அதன் விளக்கும் எரியும். ஆனால் ஆர்டுயினோ மென்பொருளில் ‘போர்ட்’ என்ற வரி மங்கியே கிடக்கும். “போர்டு போச்சு” என்று பக்கத்தில் இருப்பவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்புதான்.

2005-ல் இத்தாலியின் இவ்ரேயா நகரத்து வடிவமைப்புப் பள்ளியில் பிறந்தது ஆர்டுயினோ. மின்னணுவியல் படிக்காதவர்களும் சென்சாரையும் மோட்டாரையும் இணைத்துப் பழக வேண்டும் என்பதே நோக்கம். இந்தியாவில் 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் வழியாக 6-ஆம் வகுப்புப் பிள்ளைகள் கைக்கே இத்தகைய போர்டுகள் வந்துவிட்டன. கணினி போர்டைக் கண்டுகொள்ளாத சிக்கலும் கூடவே வந்தது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. சாதாரண யூ.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. சார்ஜ் செய்வதற்கென்றே வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் பச்சையும் வெள்ளையும் கிடையாது. 5 வோல்ட் மின்சாரம் போவதால் விளக்கு எரிகிறது. பேசுவதற்குக் கம்பி இல்லாததால் கணினிக்குச் சேதி போவதில்லை. அதே வகைக் கேபிளில் தகவல் போகும் என்று உறுதியாகத் தெரிந்த இன்னொன்றை மாற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

கம்பிகள் சரியாக இருந்தால், செருகிய மறுகணம் ஓர் அறிமுகம் நடக்கிறது. 1,500 ஓம் மின்தடை ஒன்றின் வழியாக போர்டு தன் தகவல் கம்பிகளில் ஒன்றை 3.3 வோல்ட்டுக்கு உயர்த்தும். யாரோ வந்திருக்கிறார்கள் என்று கணினி அதை வைத்துப் புரிந்துகொண்டு, “யார் நீ?” என்று கேட்கும். போர்டு இரண்டு எண்களைப் பதிலாகத் தரும்: ஒன்று தயாரிப்பாளருடையது, மற்றது பொருளுடையது. ஆர்டுயினோவின் தயாரிப்பாளர் எண் 2341. யூ.எஸ்.பி. 1996-ல் வெளிவந்தது முதல் இதுவே நடைமுறை. அதை உருவாக்கிய இன்டெல் பொறியாளர்களில் முக்கியமானவர் வதோதராவில் பிறந்த அஜய் பட்.

அடுத்த சிக்கல் இந்த எண்களில்தான் பிறக்கிறது. ஆர்டுயினோ வகைகளில் ஒன்றான ஊனோ போர்டின் மூளையாக இருக்கும் ஏடிமெகா 328பி சிப்புக்கு யூ.எஸ்.பி. மொழி தெரியாது. அதனால் மொழிபெயர்ப்பாளராக இன்னொரு சிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அசல் ஊனோவில் அது சின்னஞ்சிறு சதுரமான ஏடிமெகா 16யூ2. விலை குறைந்த போர்டுகளில் பெரும்பாலும் சீனாவின் சி.எச்.340. யூ.எஸ்.பி. வாய்க்கு அருகில் 16 கால்களுடன் நீள்சதுரச் சிப்பும், ‘12.000’ என்று பொறித்த வெள்ளி நிறக் கிரிஸ்டலும் தெரிந்தால் அது அநேகமாக சி.எச்.340-தான். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் அந்த போர்டுக்கான வரியில் மஞ்சள் ஆச்சரியக்குறி நிற்கலாம். அந்தச் சிப் தரும் எண்களை அடையாளம் காணும் ‘டிரைவர்’ மென்பொருளை நிறுவினால் ‘காம் 3’, ‘காம் 4’ என்று போர்ட் எண் வந்துவிடும்.

டிரைவரே எதிரியான கதையும் உண்டு. 2014 அக்டோபரில், இத்தகைய மொழிபெயர்ப்புச் சிப்புகளைச் செய்யும் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தபோது, அந்நிறுவனச் சிப்பின் போலிகளில் இருந்த பொருள் எண்ணை அது பூஜ்யமாக்கியது. முந்தைய நாள் வரை ஓடிய போர்டுகள் கணினிக்கு முகம் தெரியாதவை ஆகிவிட்டன. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் அப்டேட்டில் இருந்து விலக்கப்பட்டது.

லினக்ஸில் சி.எச்.340-க்கான டிரைவர் ஏற்கெனவே இருக்கும். இருந்தும் உபுண்டு 22.04-ல் போர்ட் தோன்றிய வேகத்தில் மறைவதைப் பலர் பார்த்தார்கள். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் ‘பி.ஆர்.எல்.டி.டி.ஒய்.’ சேவை, சில பிரெய்ல் கருவிகளும் தரும் அதே எண்ணைக் கண்டு இந்த போர்டையும் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டதே காரணம். பிரெய்ல் கருவி தேவைப்படாத கணினியில் அந்தச் சேவையை நீக்கினால் போர்ட் நிலைத்துவிடும்.

விளக்கே எரியவில்லை என்றால் வழி வேறு. சர்வோ மோட்டார், சென்சார் என எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு வெறும் போர்டைச் செருக வேண்டும். எங்காவது ஷார்ட் ஆகி மின்னோட்டம் மிகுந்தால், ஊனோவில் உள்ள 500 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் சூடேறி மின்சாரத்தைத் தடுக்கும். அது எரிந்துபோகும் ரகம் இல்லை. ஆறியதும் தானே பழைய நிலைக்கு வந்துவிடும்.

போர்ட் வந்தும் புரோகிராம் ஏறவில்லையா? ஒரு துண்டுக் கம்பியால் ‘ரீசெட்’ முனையை ‘கிரவுண்ட்’ முனையோடு சேர்த்தால் மூளைச் சிப் உறங்கிவிடும். இன்னொரு கம்பியால் 0, 1 என்ற முனைகளை இணைத்து, சீரியல் மானிட்டரில் ‘வணக்கம்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பிப் பார்க்கலாம். அதே சொல் திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், மொழிபெயர்ப்புச் சிப் மூன்றுமே நலம். மென்பொருளில் தேர்ந்தெடுத்த போர்டின் பெயர் சரிதானா என்று பார்த்த பிறகு, மிஞ்சுவது மூளைச் சிப் ஒன்றுதான். 28 கால் சிப் சாக்கெட்டில் அமர்ந்திருக்கும் ஊனோ என்றால், தட்டை ஸ்க்ரூடிரைவரால் இரு முனையிலும் மெல்ல நெம்பி அதை எடுத்துவிட்டு, புரோகிராமை வாங்கிக்கொள்ளும் ‘பூட்லோடர்’ ஏற்றிய புதுச் சிப்பை அதன் இடத்தில் பொருத்திக்கொள்ளலாம்.