பரங்கிமலைக் கல்லில் ஒரு பாரசீகப் பெயர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர், சென்னைப் பரங்கிமலைக் கோயில் பீடத்தில் இருக்கும் கற்சிலுவையைச் சுற்றி ஓடும் எழுத்து எந்த மொழி என்று கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கல் அது.

இயேசுவின் சீடரான தோமையார் இந்த மலையில் உயிர்விட்டார் என்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலைமேல் பழைய கட்டடம் இடிந்து கிடந்த இடத்தில் 1547இல் போர்த்துகீசியர் அஸ்திவாரம் தோண்டியபோது இந்தக் கல் வெளிப்பட்டது. சிலுவையில் இயேசுவின் உருவம் கிடையாது. கைகளின் நுனிகள் மொட்டாக முடிகின்றன. அடியில் படிகள், சுருண்டெழும் இலைகள். உச்சியில் இறங்கிவரும் புறா. இருபுறத் தூண்களின் மேல் மகரங்கள், அவற்றின் வாயிலிருந்து எழும் வளைவு. கோயில்களில் மகர தோரணம் செதுக்கிய அதே கைப்பழக்கம்!

அந்த வளைவைச் சுற்றித்தான் எழுத்து. பதினாறாம் நூற்றாண்டில் பண்டிதர் ஒருவரை அழைத்துப் படிக்கச் சொன்னார்கள். அவர் ஒரு முழுப் பிரசங்கத்தையே அதிலிருந்து எடுத்துச் சொன்னார். உண்மையில் அங்கே இருப்பது சில சொற்கள்தான். அது பஹ்லவி, அதாவது இஸ்லாம் வருவதற்கு முந்தைய பாரசீகத்தின் எழுத்து என்று 1873இல் ஆய்வாளர் பர்னெல் எழுதினார். 1929இல் வின்க்வொர்த் என்ற ஆய்வாளர் படித்தபடி, இதை வெட்டிய அப்ராஸ் என்பவருக்கு இரங்கும்படி கிறிஸ்துவிடம் கேட்கும் வேண்டுதல் அது. தகப்பன் பெயரும் உண்டு. வாசிப்பில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. எழுத்தமைதியை வைத்து 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் காலம் சொல்கிறார்கள்.

என் அம்மாவின் சீர்ப் பாத்திரங்களில் விளிம்போரம் பெயர் வெட்டியிருக்கும். அதைப் போலத்தான் இந்தப் பெயரும் ஓரமாக ஓடுகிறது. வியப்பு என்னவென்றால், கேரளத்தின் கோட்டயம் வலியபள்ளி, முட்டுச்சிறை, கடமற்றம் சிலுவைகளிலும் இதே வாசகம் இருக்கிறது. பாரசீக வணிகர்கள் இந்தக் கரைகளில் புழங்கியதற்குக் கொல்லத்து அரசாணையான தரிசாப்பள்ளிச் செப்பேடும் (849) சாட்சி. அதில் பஹ்லவியிலேயே கையொப்பங்கள் உள்ளன.

மலையேறுகிறவர்களில் பலர் விமானம் இறங்குவதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய கவலை உங்கள் பக்கத்தில். கும்மிடிப்பூண்டி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில்தான் 1863இல் கற்கால ஆயுதங்கள் கிடைத்தன. இன்று கும்மிடிப்பூண்டியைச் சுற்றி நாள்தோறும் அஸ்திவாரக் குழி வெட்டுகிறார்கள். செதுக்கிய கல் தட்டுப்பட்டால் ஜேசிபியை நிறுத்தச் சொல்லுங்கள். புதைந்து கிடைக்கும் பழம்பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1878லிருந்தே இருக்கிறது. வி.ஏ.ஓ.விடம் சொன்னால் தகவல் மேலே போகும்.