பாம்புக்கடியும் கைவைத்தியமும்

வீணாகும் முதல் மணி நேரம்

செங்கல்பட்டு ஏரிப் பாசன வயல்களிலும் மாமல்லபுரக் கரையோரச் சவுக்குத் தோப்புகளிலும் மழைக்காலத்தில் பாம்புக்கடி கூடும். இருமலுக்குத் தூதுவளையோ சளிக்குக் கற்பூரவல்லியோ கொடுப்பதால் பெரும்பாலும் கேடு இல்லை. அதே நம்பிக்கையோடு பாம்புக்கடிக்கும் பச்சிலை அரைப்பதுதான் உயிரைப் பறிக்கிறது. காலில் இறுகிய கயிறும் கத்திக் கீறலும் பூசிய சிறியாநங்கைப் பச்சிலையுமாக மருத்துவமனைக்கு வருபவர்கள், சிகிச்சைக்குரிய நேரத்தை வழியிலேயே இழந்துவிடுகிறார்கள்.

பச்சிலை ஏன் பலித்ததாகத் தோன்றுகிறது?

கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சற்றவை. நச்சுப்பாம்பும் சில வேளை நஞ்சை இறக்காமல் கடிக்கும். அப்படித் தப்பியவரின் கதைதான் ஊரில் பரவுகிறது.

கயிறு கட்டினால் நஞ்சு நின்றுவிடாது. இரத்த ஓட்டம் தடைபட்டு, கட்டிய கால் அழுகக்கூடும். கண்ணாடி விரியன் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுக்கும் என்பதால், கீறிய இடத்தில் குருதி நிற்காமல் வடியும். வாய் வைத்து உறிஞ்சுவதாலும் விஷக்கல் ஒட்டுவதாலும் உடலில் ஏறிய நஞ்சு வெளியே வராது. நஞ்சு ஏறியதா என்று அறிய, வேப்பிலை கசக்கிறதா, மிளகாய் காரமாக இருக்கிறதா என்று சோதிப்பது இன்னும் மோசம்: விழுங்கும் தசைகள் தளர்ந்தவருக்கு அது மூச்சுக்குழலை அடைத்துவிடலாம்.

கட்டுவிரியன் கடி தனி ஆபத்து. தரையில் உறங்குபவரை இரவில் கடிக்கும். வலியும் வீக்கமும் இராது. விடியலில் வயிறு வலிக்கும். வாயு என்று ஓமநீர் கொடுத்துக் காத்திருக்கும் வீட்டில், நோயாளியின் இமைகள் சரிந்து மூச்சு திணறத் தொடங்கும்.

இருளர் எடுக்கும் நஞ்சு

பாம்பை நன்கறிந்த இருளர் பழங்குடியினர் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. அந்த நஞ்சைச் சிறிதளவு குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து தயாராகிறது. நஞ்சை முறிக்கும் மருந்து இது ஒன்றே. இங்குள்ள இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்கு 2023இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

கடித்த உடனே

கடிபட்டவரை நடக்கவிடாமல், மோதிரம், கொலுசைக் கழற்றி, அந்த உறுப்பை மட்டைவைத்து அசையாமல் நிறுத்தி, 108ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனையில் இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்ப்பார்கள்.

கெஞ்சிக் கேட்கப்படுவது

இரவில் டார்ச் இல்லாமல் வெளியே போக வேண்டாம். கட்டிலில், முடியாவிட்டால் விளிம்பைப் பாயின் அடியில் செருகிய கொசுவலைக்குள் உறங்குங்கள். விறகையும் வைக்கோலையும் படுக்குமிடத்திலிருந்து தள்ளி வையுங்கள். வரப்பில் இறங்கும்போது காலணி போடுங்கள். கடித்த பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். இன்னொருவரும் கடிபடுவார், மருத்துவமனைக்குப் போவதும் தாமதமாகும்.