சாக்காய் நகரின் மதியச் சாப்பாடு

1996 ஜூலை நடுவில், ஜப்பானின் சாக்காய் நகர மருத்துவமனைகள் பள்ளிக் குழந்தைகளால் நிரம்பி வழிந்தன. தாங்க முடியாத வயிற்றுவலி; மலத்தில் ரத்தம். நோயுற்ற மாணவர்கள் 6,000-க்கும் மேல். எல்லோரும் நகரத் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவு சாப்பிட்டவர்கள்.

சமையல் அந்தந்தப் பள்ளியில்தான் நடந்தது. ஆனால் காய்கறிகளை நகரம் மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுத்தது. அதனால் ஒரு பொருள் கெட்டாலும் பல பள்ளிகளின் தட்டுகளுக்கு அது ஒன்றாகவே போய்ச் சேரும்.

கிருமியின் பெயர் ஈ.கோலை ஓ157. மாட்டின் குடலில் அதற்குத் தீங்கு செய்யாமல் வாழும். சாணமோ கழிவுநீரோ கலந்த தண்ணீரிலும் உணவிலும் ஏறிவிடும். நூற்றுக்கும் குறைவான கிருமிகளே ஒரு குழந்தையைப் படுக்கவைக்கப் போதும். அது சுரக்கும் நச்சுக்கு, 1897-இல் சீதபேதிக் கிருமியைக் கண்டறிந்த ஜப்பானிய மருத்துவர் கியோஷி ஷிகாவின் பெயர். குடலைப் புண்ணாக்கும் இந்த நச்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் தாக்கும். சாக்காயில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு அப்படி நேர்ந்தது. மூன்று சிறுமிகள் இறந்தார்கள். அப்போது ஒன்றாம் வகுப்பில் படித்த இன்னொரு சிறுமி, அதன் பின்விளைவால் 2015-இல், 25 வயதில் உயிரிழந்தார். வயிற்றுப்போக்கு இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எண்ணுகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

சந்தேகம், ஒரே பண்ணையிலிருந்து வந்து பச்சையாகப் பரிமாறப்பட்ட முள்ளங்கி முளைகள்மேல் விழுந்தது. முளைகளில் கிருமி அகப்படவில்லை. ஆனாலும் அரசு சந்தேகத்தை வெளியிட, விற்பனை சரிந்தது. சுகாதார அமைச்சர் நவோட்டோ கான் கேமராக்களின் முன்னால் முளைகளைச் சாப்பிட்டுக் காட்டியும் பயனில்லை. விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2004-இல் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார்கள். அவர்களுக்கு நேர்ந்தது அநியாயம்தான். ஆனால் குழந்தைகளுக்கான உணவு நெருப்பைக் காணாமலே தட்டுக்கு வந்ததை மறந்துவிட முடியாது.

எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. 1990-இல் உராவா நகரின் மழலையர் பள்ளி ஒன்றில், கழிவுநீர் கசிந்த கிணற்றுத் தண்ணீரால் இதே கிருமி பரவி இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

சாக்காய்க்குப் பிறகு விதிகள் இறுகின. சமைக்கும் பண்டத்தின் நடுப்பகுதியும் 75 டிகிரியில் ஒரு நிமிடமாவது வேக வேண்டும். ஒவ்வொரு உணவிலும் மூலப்பொருளிலும் 50 கிராம் எடுத்து, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும். கிருமி உள்ளே போய் நோய் தெரிய மூன்று, நான்கு நாள் ஆகும். அதற்குள் பாத்திரங்கள் கழுவப்பட்டிருக்கும், சோதிக்க மிஞ்சுவது அந்த 50 கிராம் மாதிரிதான்.