ஆடி மேகம் ஏன் ஈரோட்டில் பெய்வதில்லை?

மாசி, பங்குனியில் ஈரோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் களமெல்லாம் மஞ்சள் காயும். வேகவைத்த விரலியும் கிழங்கும் 10, 15 நாள் வெயிலில் கிடந்தால்தான் சந்தைக்குப் போகும் பதத்துக்கு இறுகும். பொழுது சாய்ந்ததும் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். பனியில் நனைந்தால் பகலில் காய்ந்தது வீண். பகலெல்லாம் ஈரத்தை வாங்கிக்கொண்ட காற்று, இரவில் எதற்காக அதைத் திருப்பித் தருகிறது?

எல்லாம் வெப்பநிலை செய்யும் வேலை. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் இடத்தில் அதிகபட்சம் 17 கிராம் நீராவிதான் இருக்க முடியும். 36 டிகிரியில் ஏறக்குறைய 42 கிராம் இருக்கலாம். விடியற்காலையில் அந்த 17 கிராமும் நிறைந்திருந்தால் ஈரப்பதம் 100 சதவீதம். பிற்பகலில் அதே 17 கிராம் அப்படியே இருந்தாலும் கருவி 40 சதவீதம்தான் காட்டும். நீராவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை, இடம்தான் பெருகியிருக்கிறது. அந்த இடத்துக்குத்தான் மஞ்சளின் ஈரம் போகிறது. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர, இருக்கும் நீராவிக்கு இடம் போதாமல் ஆகிறது. மிஞ்சியது பனித்துளியாகப் படிகிறது. இது தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை.

நீர் ஆவியாவதற்கு வெப்பம் ஏராளமாகத் தேவை. ஒரு லிட்டர் நீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு, அதை ஆவியாக்க ஆகும். அந்த வெப்பம் எங்கும் தொலைவதில்லை. நீராவிக்குள் மறைந்திருந்து, அது மீண்டும் நீராகும்போது வெளியே வருகிறது. இதை மறந்தால் மேகத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

இனி ஆடிக்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தோடு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறுகிறது. மேலே அழுத்தம் குறைவு. காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் 10 டிகிரி குறையும். பனிநிலையைத் தொட்டதும் நீராவி, காற்றில் மிதக்கும் தூசியையும் கடல் உப்புத் துகளையும் பற்றிக்கொண்டு நுண்துளியாகிறது. அப்போது ஒளிந்திருந்த வெப்பம் வெளிப்படுவதால் குளிரும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. மேகத்துளிகள் பத்து லட்சம் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. வால்பாறை அருகே சின்னக்கல்லாறு ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுவது இப்படித்தான். ஈரோட்டுக்குக் கிடைப்பது 700 மில்லிமீட்டர் அளவு.

மலையைத் தாண்டிய காற்று இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது கிலோமீட்டருக்கு 10 டிகிரி சூடாகி, வந்த மேகத்தையே கரைத்துவிடும். மழைமறைவுப் பகுதி என்று பள்ளியில் படித்தது இதைத்தான்.

ஆனால் கொங்கு நாட்டுக்கு ஒரு வாசல் உண்டு, பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் 2,600 மீட்டரைத் தாண்டி நிற்க, நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் அகலத்தில் மலையே இல்லாத இடைவெளி. ஆடிக்காற்று அதன் வழியாகத்தான் பாய்ந்து பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஈரமும் அதோடு வருகிறது. அப்புறம் ஏன் மழை இல்லை? ஏறுவதற்கு மலை இல்லாததால் காற்று குளிர்வதில்லை. ஈரம் மட்டும் இருந்தால் மழை வராது. அந்த ஈரம் மேலேறிக் குளிர வேண்டும். மேகம் தலைக்குமேல் ஓடிக் கிழக்கே போவதைப் பார்த்துப் பெருமூச்சு விடும் கொங்கு விவசாயிக்கு இது ஆறுதலாகாது, காரணம் மட்டும்தான்.

சித்திரை, வைகாசியில் கதை வேறு. கொதிக்கும் தரையே காற்றைச் செங்குத்தாகத் தூக்கிவிடும். ஏறும் காற்றில் நீராவி துளியாகும்போது வெளிப்படும் வெப்பம் அதை இன்னும் மேலே தள்ள, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உயரும் இடிமேகம் பிற்பகலுக்குள் உருவாகிவிடும். கோபி, சத்தியமங்கலம் பக்கம் வாழைத்தோப்பைச் சாய்க்கும் சூறைக்காற்று அங்கிருந்துதான் இறங்குகிறது. ஈரோட்டின் பெருமழை மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். அது வங்கக்கடல் தரும் வடகிழக்குப் பருவமழை.

வானிலைச் செய்தியில் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் உடனே பயப்பட வேண்டாம். அது விடியற்காலைக் கணக்காக இருக்கலாம். பனிநிலை எவ்வளவு என்று பாருங்கள். அது 24 டிகிரியைத் தாண்டியிருந்தால் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்தாலும் வியர்வை லேசில் காயாது.