தண்ணி மேலே நடக்கிற பூச்சி சொல்லும் சேதி



போன மாதம் குன்றத்தூர் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம் குளத்தங்கரை வேப்பமரத்தடியில் நடந்தது. சேமிப்புப் பணம் எண்ணி முடித்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு உறுப்பினரின் மகள், நாலாம் வகுப்புப் படிப்பவள், குளத்தைக் காட்டி, "மேடம், அந்தப் பூச்சி ஏன் முழுகாம நடக்குது?" என்று கேட்டாள்.

"தினமும் துணி துவைக்க வர்றோம், பார்க்கிறோம். ஆனா யோசிச்சதே இல்லையே!" என்றார் குழுவின் ஊக்குநர். அந்தக் குழந்தைக்குச் சொன்ன பதிலையே இங்கே எழுதுகிறேன்.

சிலந்தியா இது?

பார்க்கச் சிலந்தி மாதிரி இருக்கும். ஆனால் சிலந்திக்கு எட்டுக் கால், இதற்கு ஆறு. முன்னால் உள்ள இரண்டு குட்டைக் கால்கள் இரையைப் பிடிக்க. நடுவில் உள்ள இரண்டு நீளக் கால்கள் துடுப்புப் போட. பின்னால் உள்ள இரண்டும் படகைத் திருப்புவது போலத் திசை திருப்ப.

எப்படி மூழ்காமல் நிற்கிறது?

தண்ணீரின் நுண்ணிய துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. நம்ம குழுவில் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்து நிற்கிறோமே, அது மாதிரி. அதனால் தண்ணீரின் மேல்பகுதி இழுத்துக் கட்டிய துணி போல விறைப்பாக நிற்கிறது. பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் இதைப் 'பரப்பு இழுவிசை' என்று படிப்பார்கள். பூச்சி நிற்கும் இடத்தில் உற்றுப் பாருங்கள். காலுக்கு அடியில் தண்ணீர் சின்னக் குழி போல அமுங்கியிருக்கும், ஆனால் கிழியாது.

காலிலும் விஷயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான மெல்லிய முடிகள் அதில் உண்டு. அவற்றுக்கு இடையே காற்று தங்குவதால் கால் நனைவதில்லை. ஒரே ஒரு கால், பூச்சியின் முழு எடையைப் போல 15 மடங்கு தாங்கும் என்று 2004-ல் சீன விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள்.

அதன் வாழ்க்கை

தண்ணீரில் தவறி விழும் எறும்பு, ஈ, சின்னப் பூச்சிகள்தான் இதன் சாப்பாடு. மூச்சு விட மேலே வரும் கொசுப்புழுவையும் பிடிக்கும். விழுந்த பூச்சி துடிக்கும்போது சிற்றலை கிளம்பும். அதைக் காலால் உணர்ந்து ஓடிப் போய்ப் பிடித்து, ஊசி போன்ற வாயால் குத்திச் சாற்றை உறிஞ்சிவிடும். ஆணும் பெண்ணும் சேதி சொல்லிக்கொள்வதும் இந்த அலையால்தான்.

தண்ணீரில் உள்ள செடித்தண்டு, மிதக்கும் குச்சி இவற்றில் முட்டையிடும். குஞ்சு பெரிய பூச்சியின் சாயலிலேயே பிறந்து, ஐந்து முறை தோல் உரித்து வளரும். சிலதுக்கு இறக்கை உண்டு, சிலதுக்கு இல்லை. குளம் வற்றினால் இறக்கை உள்ளவை வேறு குளம் தேடிப் பறந்துவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

அடுத்த கூட்டத்தில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூள் தூவுங்கள். மிதக்கும். விரல் நுனியில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பைத் தொட்டு நடுவில் வையுங்கள். தூள் எல்லாம் ஒரே நொடியில் ஓரத்துக்கு ஓடும். சோப்பு பட்ட இடத்தில் அந்த விறைப்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்றைக்குக் குளத்திலும் இதைப் பார்த்தோம். துவைக்கிற கல் பக்கம், நுரை ஒதுங்கிய மூலையில், ஒரு பூச்சி கூட இல்லை. எதிர்க்கரையில் ஏராளம். சோப்பும் எண்ணெயும் கலந்த இடத்தில் இதன் கால் நனைந்துவிடும். நிற்க முடியாது. மூழ்கும், இல்லையென்றால் ஓடிவிடும்.

"பூச்சிக்காகத் துணி துவைக்காம இருக்க முடியுமா?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டில் குழாய்த் தண்ணீர் போதாதவர்கள் எங்கே போவார்கள்? ஒருத்தர் நாலு துணி துவைத்துக் குளம் கெட்டுவிடாது. கோடையில் தண்ணீர் குறைந்த நேரத்தில், எல்லாரும் துவைத்து, போதாததற்கு வேனும் லாரியும் கழுவினால்தான் ஆபத்து. அதே தண்ணீரைத்தான் நம்ம ஆடு மாடு குடிக்கிறது. நம்ம பக்கத்து ஏரிகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குத்தான் வருகிறது. சென்னை குடிப்பது அந்தத் தண்ணீரை.

இரண்டு விஷயம் கவனம்

ஒன்று, பூச்சி ஓடுகிறது என்பதால் அந்தத் தண்ணீர் குடிக்க நல்லது என்று நினைக்காதீர்கள். நோய்க்கிருமியும் கரைந்துபோன ரசாயனமும் இருக்கும் தண்ணீரிலும் இது நிற்கும். குடிநீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

இரண்டு, குளத்துப் பூச்சி டெங்குவைத் தடுத்துவிடாது. டெங்கு கொசு வளர்வது நம்ம வீட்டு டிரம்மிலும் தொட்டியிலும் பழைய டயரிலும்தான். அங்கே இந்தப் பூச்சி வராது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி, மூடி வைப்பது நம்ம வேலை.

நாம் என்ன செய்யலாம்?

* தண்ணீரை வாளியில் மொண்டு, கரையிலிருந்து தள்ளி வந்து துவைக்கலாம். சோப்புத் தண்ணீரை மண்ணில் ஊற்றினால் குளத்துக்குப் போகாது.
* வண்டி கழுவ வருபவர்களைக் குழுவாகப் போய்த் தடுக்கலாம். ஒருத்தர் சொன்னால் கேட்கமாட்டார்கள், பதினைந்து பேர் சொன்னால் கேட்பார்கள்.
* குளம் சுத்தம் செய்யும்போது ஆகாயத்தாமரையை எடுத்துவிட்டு, கரையோரம் கொஞ்சம் நாணலும் கோரையும் விட்டு வையுங்கள். முட்டையிட இடம் வேண்டும்.
* ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் தனித் துவைக்கும் இடம் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் கிராம சபை உண்டு. குளத்தைப் பற்றிப் பேச அதைவிட நல்ல நாள் ஏது?

அடுத்த முறை குளத்துக்குப் போகும்போது, துணியை நனைக்கும் முன் ஒரு நிமிடம் தண்ணீரைப் பாருங்கள். எந்த மூலையில் பூச்சி ஓடுகிறது, எந்த மூலையில் இல்லை? பார்த்ததைக் கூட்டத்தில் சொல்லுங்கள். தீர்மான நோட்டில் எழுதி வைப்போம்.